வார்ப்பதற்கு முன்பே பிறந்த இன்ஜின்

ஊரில் பழைய வண்டி வாங்கி விற்றவர்களுக்குப் பென்சில் பிரிண்ட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சேஸிஸ் எண்மேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் ஏறிவிடும். அதைப் படிவத்தோடு ஒட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கோவையில் அப்பா தன் அம்பாசிடரை விற்றபோது அந்த வேலை எனக்குத்தான் வந்தது. மூன்று தாள் கிழிந்து, நான்காவதில்தான் ஒழுங்காக விழுந்தது. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணும் இருக்கும், இன்ஜின் எண்ணும் இருக்கும். இன்ஜினை மாற்றினால் அதையும் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது இருக்கும் மிச்சிகனில் அப்படி இல்லை. டைட்டில் என்று ஒரு உரிமைப் பத்திரம் தருவார்கள். அதில் வண்டியின் வின் எண், அதாவது நம்மூர்ச் சேஸிஸ் எண் போன்ற அடையாள எண், மட்டும் இருக்கும். இன்ஜினுக்கென்று ஒரு வரிகூடக் கிடையாது. 1969ஆம் ஆண்டு வண்டிக்குள் 1978இல் வார்த்த இன்ஜினைப் போட்டு ஓட்டினாலும் அரசாங்கத்துக்கு அது ஒரு விஷயமே அல்ல. ஆனால் பழைய கார் சேர்ப்பவர்களுக்கு அதுதான் பெரிய விஷயம். பத்திரத்தில் எழுதாத ஒன்றுக்காகப் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுப்பார்கள். எழுதிவைக்காத இடத்தில்தானே ஏமாற்றவும் வசதி.

வண்டி ஆலையிலிருந்து வந்த அன்று அதற்குள் இருந்த அதே இன்ஜின் இன்றும் இருந்தால் இங்கே 'மேட்சிங் நம்பர்ஸ்' என்பார்கள். எண் பொருத்தம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே பத்துப் பொருத்தம்தான் ஞாபகம் வருகிறது. ஒப்பீடு அவ்வளவு தப்பும் இல்லை. ஜாதகம் பொருந்தாவிட்டால், பொருந்துகிற மாதிரி ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு வருபவர்கள் நம்மூரில் உண்டு. இங்கே அந்த வேலைக்கு ஒரு சுத்தியலும் எழுத்து பொறிக்கும் இரும்பு அச்சு, அதாவது பஞ்ச், ஒரு செட்டும் போதும்.

போன இலையுதிர் காலத்தில் அப்படி ஒரு ஜாதகத்தைப் பார்க்கத்தான் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் பக்கம் போனேன். வண்டி 1969 செவ்ரலே கமாரோ, இசட் 28 வகை. விலை 72,000 டாலர். கூட வந்தவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர். முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஜின் வேலை செய்யும் மெஷின் ஷாப்பில் இருந்தவர். நம்மூர்க் கணக்கில் லேத் பட்டறைக்காரர். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான் என்றாலும், அவர் என்னிடம் பேசுவதெல்லாம் என் காதில் 'தம்பி' என்று தொடங்குவதுபோலவே விழும். அதனால் அவர் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

ஏன் இசட் 28 என்று கேட்டால், என்னிடம் நியாயமான பதில் இல்லை. 1967இல் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இறங்க செவ்ரலேக்கு 305 கன அங்குலத்தைத் தாண்டாத ஓர் இன்ஜின் தேவைப்பட்டது. கையில் இருந்தவை 283ம் 327ம். 327இன் நான்கு அங்குல போரையும் (சிலிண்டரின் அகலம்) 283இன் மூன்று அங்குல ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) சேர்த்தார்கள், 302 வந்தது. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காமல் அடுக்களையில் மிஞ்சியதை வைத்து விருந்து வைத்த கதை. அந்த முதல் வருஷம் விற்றது 602 வண்டி. 1969இல் 20,302. கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே அங்கே நிறுத்திக்கொண்டதுபோல் இருக்கும். காகிதத்தில் 290 குதிரைத்திறன் என்று போட்டார்கள். ஒரு முறை அது ஏழாயிரம் சுற்றில் கத்துவதைக் கேட்டவர்கள் அந்த எண்ணை நம்புவதில்லை.

சிக்கல் என்னவென்றால், 1969 கமாரோவின் வின் எண்ணில் அது இசட் 28தானா என்பது இல்லவே இல்லை. மொத்தம் 13 எழுத்து. 12437 என்று தொடங்கினால் வி8 இன்ஜின் போட்ட இரண்டு கதவு கூபே. அடுத்த 9, வருஷம். அதற்கடுத்து என் என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வான் நைஸ் ஆலை. பிறகு ஆறு இலக்க வரிசை எண். அவ்வளவுதான். சாதாரண 327 போட்ட வண்டிக்கும் 302 போட்ட வண்டிக்கும் வின்னில் ஒரு எழுத்துகூட வேறுபடாது. இன்ஜின்மேல் இருக்கும் டி.இசட் என்ற இரண்டு எழுத்துதான் அது 1969 இசட் 28இன் 302 என்று சொல்லும். இரண்டே எழுத்து என்பதால்தான் இதில் இத்தனை போலி. ஆறு சிலிண்டர் கமாரோவுக்கு யாரும் போலி எண் அடிப்பதில்லை. நாணயம் அடிப்பவன் ஐம்பது பைசாவையா அடிப்பான்?

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஐ-75 நெடுஞ்சாலை ஃப்ளின்ட், டெட்ராய்ட், டொலிடோ, டேட்டன் வழியாகச் சின்சினாட்டிக்குப் போகிறது. அந்த 302 இன்ஜின்கள் ஃப்ளின்டில் செய்யப்பட்டவை. வண்டியைக் கட்டிய நார்வுட், சின்சினாட்டியை ஒட்டிய ஊர். ஆக இன்ஜின் போன திசையிலேயே நாங்களும் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். நார்வுட் ஆலையை 1987இல் மூடிவிட்டார்கள்.

வழியில் பெரியவர் மற்ற கம்பெனிகளின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஃபோர்டு மஸ்டாங் என்றால் பாதி வேலை குறையும். வின்னின் ஐந்தாவது எழுத்தே இன்ஜின் வகை. 1965 மஸ்டாங்கில் அந்த இடத்தில் கே இருந்தால் 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல இன்ஜின். கிரைஸ்லர்காரர்களும் அறுபதுகளின் பின்பாதியில் ஐந்தாவது எழுத்தில்தான் வைத்தார்கள். 1968, 69இல் அது ஜே என்றால் 426 ஹெமி என்ற பெயர்போன இன்ஜின். எந்த இன்ஜினோடு வண்டி பிறந்தது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. இப்போது உள்ளே இருப்பது அதுதானா என்பதற்கு அல்ல. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு, ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை கிடைக்கும், போன்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்ற சேவை ஆலைக் காகிதங்களின் நகலைத் தரும்.

"செவ்ரலேக்கு?" என்றேன்.

"கனடாவில் விற்ற வண்டி என்றால் செவ்ரலேயின் தாய்க் கம்பெனி ஜி.எம்.மின் கனடாக் கிளையில் பதிவு உண்டு. அமெரிக்காவில் விற்றது என்றால் இரும்பைத்தான் கேட்க வேண்டும், தம்பி."

டேட்டனில் வண்டிக்காரர் எங்களுக்காகக் கராஜைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆரஞ்சு நிறக் கமாரோ. பானெட்டில் இரண்டு பட்டைக் கோடு. பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரியவர் அதைக் கவனித்துவிட்டு, "கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்" என்றார்.

முதலில் பார்த்தது இன்ஜின் அல்ல, காரின் தகடுகள். கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் வின் தகடு. அதைப் பிடித்திருக்கும் ரிவெட் பூவிதழ் மாதிரி இருக்க வேண்டும், இருந்தது. இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் தடுப்பான ஃபயர்வாலில் பாடித் தகடு. அதில் 02பி என்றிருந்தது. இரண்டாவது மாதம், இரண்டாவது வாரம். அதாவது 1969 பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன்பு பாடி கட்டியிருக்கிறார்கள். கூடவே எக்ஸ் 77 என்ற குறி. அந்தக் காலகட்டத்து நார்வுட் வண்டியில் எக்ஸ் 77 இருந்தால் அது இசட் 28. இந்தத் தகட்டையும் புதிதாக அடித்து விற்கிறார்கள் என்பதால் பெரியவர் வெகுநேரம் பெயின்ட்டையும் ரிவெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். தகடு பரவாயில்லை.

அப்புறம் கியர்பாக்ஸ். நான்கு கியர் மன்சி. பக்கவாட்டில் பி9பி என்று தொடங்கும் தேதி: மன்சி ஆலை, 1969, பிப்ரவரி. கூடவே வண்டி வின்னின் சுருக்கம்: 19என், பிறகு ஆறு இலக்கம். 1 என்றால் செவ்ரலே, 9 வருஷம், என் நார்வுட். 1968 மாடலிலிருந்து இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் இந்தச் சுருக்கத்தை அடித்தாக வேண்டும் என்று ஆனது. ஆறு இலக்கமும் டேஷ்போர்டு தகட்டோடு ஒத்துப்போனது. ஆசிரியர் முகத்தில் சிரிப்பு. என் முகத்திலும்தான்.

இன்ஜின் எண் இருக்கும் இடம், பயணி பக்கத்து ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மூடி) முன்னால், பிளாக் என்ற இன்ஜினின் வார்ப்பு உடலின் மேல்தளம் துண்டுபோல நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் திட்டு. பேட் என்பார்கள். கட்டைவிரல் அகலம் இருக்கும். 1969இல் ஆல்டர்னேட்டரைப் பயணி பக்கம் மாற்றிவிட்டதால் அது சரியாக அந்தப் பேட்டுக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு மறைக்கிறது. டார்ச்சும் கண்ணாடியும் இல்லாமல் வருபவர்கள் அரைகுறையாகப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பது அதனால்தான். பெரியவர் ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி ஒதுக்க ஆசிரியரிடம் அனுமதி கேட்டார். எனக்குக் கொடுத்த வேலை பேட்டைத் துடைப்பது. கார்புரேட்டர் கிளீனரைப் பனியன் வேஸ்ட்டில் அடித்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ அதன் பக்கத்திலேயே போகக்கூடாது. நாம் பார்க்க வந்ததே அதன் தோலைத்தான் என்றார்.

அழுக்கு கழன்றதும் எண் தெரிந்தது. வி 0203 டி.இசட். வி என்றால் ஃப்ளின்ட். 0203 என்றால் பிப்ரவரி 3. 1969இல் அது திங்கட்கிழமை. டி.இசட் என்றால் 302. பக்கத்தில் 19என், அதே ஆறு இலக்கம். ஃப்ளின்டில் மூன்றாம் தேதி கட்டிய இன்ஜின், அடுத்த சில நாளில் நார்வுட்டில் வண்டிக்குள் இறங்கியிருக்கிறது. பத்துக்குப் பத்துப் பொருத்தம். நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியவர் நிமிரவே இல்லை.

"எண்ணைப் படிக்காதே. எண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிளாக்கின் மேல்தளத்தை ஃப்ளின்டில் ப்ரோச் என்ற கருவியால் வெட்டினார்கள். சீப்பின் பல்போல வரிசையாகப் பற்கள் வைத்த நீளமான வெட்டுக் கருவி. ஒரே இழுப்பில் பிளாக்கின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை சீவிக்கொண்டு போகும். அது போன வழியில் மெல்லிய நேர்கோடுகள் விழும். வாழையிலையை வெளிச்சத்தில் பிடித்தால் நடு நரம்பிலிருந்து பக்கவாட்டில் நெருக்கமாக ஓடுமே, அதுபோல. எல்லாம் ஒரே திசை, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது; ஒன்று ஆழம், ஒன்று லேசு. பேட்டும் அதே தளத்தின் துண்டு என்பதால் அதிலும் அந்தக் கோடுகள் இருக்கும். எண் அடிப்பது அதற்குப் பிறகு. எண்ணை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். அந்தக் கோடுகளைக் கையால் போடுவதுதான் கஷ்டம்.

இந்தப் பேட் மழமழவென்று இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்தால் நேர்கோட்டுக்குப் பதிலாக மெல்லிய வளைவுகள், தோசைக்கல்லில் மாவைச் சுழற்றிய தடம்போல. சுழலும் கட்டரால் ஃபேசிங் போட்ட, அதாவது சீவிச் சமமாக்கிய, தளம் அது.

ஆசிரியர் இதற்குத் தயாராக இருந்தார். "முன்பு ஹெட் கேஸ்கெட் போய்ப் பிளாக்கை ஃபேசிங் போட்டார்களாம். அழிந்துபோன எண்ணையே திரும்பவும் அடித்துவைத்ததாக எனக்கு விற்றவர் சொன்னார்."

"இருக்கலாம்" என்றார் பெரியவர். இருக்கவும் கூடும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பவன் பேட்டைப் பத்திரமாக விட்டுவிட்டு ஃபேசிங் போட மெனக்கெட மாட்டான். எழுபதுகளில், எண்பதுகளில் இது பழைய கார், அவ்வளவுதான். யார் கண்டார்கள் இந்த எண்ணுக்கு இத்தனை விலை வரும் என்று. நேர்மையான இன்ஜினுக்கும் முகம் வழித்த பேட் இருக்கலாம். ஆனால் அப்படி எண் போய்விட்டால் 'எண் அழிந்தது' என்று சொல்லிவிடலாம். திரும்ப அடித்ததும் அதைச் சொல்லாமல் விற்றதும்தான் உறுத்தியது. விளம்பரத்தில் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று மட்டும்தான் போட்டிருந்தது.

பெரியவர் இன்னொன்றையும் காட்டினார். இன்ஜின் குறியை அடித்தது ஃப்ளின்டில். வின் சுருக்கத்தை அடித்தது நார்வுட்டில். இரண்டு ஊர், இரண்டு பஞ்ச், இரண்டு கை. எழுத்தின் உருவமும் ஆழமும் சாய்வும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும். இங்கே 0203இன் பூஜ்யமும் வரிசை எண்ணின் பூஜ்யமும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே செட் பஞ்சால், ஒரே மத்தியானத்தில், ஒரே ஆள் அடித்தது.

சரி, பேட்டை விடுவோம், பிளாக்கைக் கேட்போம் என்றார்.

பேட்டில் இருப்பது குழித்து அடித்தது. பிளாக்கோடு சேர்ந்தே வார்த்து வந்த எழுத்துகள் வேறு. அவை புடைத்துக்கொண்டு நிற்கும். கோவையில் ஃபவுண்டரிகளைச் சுற்றி வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. மணல் அச்சில் பள்ளமாக இருப்பது இரும்பில் மேடாக வரும். இவற்றைப் பிறகு ஒரு ஆள் மாற்றிவிட முடியாது. அரைத்து எடுக்கலாம், அரைத்தால் அரைத்தது தெரியும். பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், டிரைவர் பக்கம் வார்ப்பு எண், பயணி பக்கம் வார்ப்புத் தேதி.

டிரைவர் பக்கத்தில் 3970010. இது ஒன்றுக்கும் உதவாத சாட்சி. 1969 இசட் 28இலும் இந்த எண் உண்டு, அதற்கப்புறம் எழுபதுகள் முழுக்க வந்த சாதாரண 350 இன்ஜின்களிலும் உண்டு. 302க்கும் 350க்கும் போர் ஒரே நான்கு அங்குலம்தான். பழைய பிக்கப் டிரக்கிலிருந்து கழற்றிய 350 பிளாக்கின்மேல் டி.இசட் அடித்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. இணையத்தில் பாதிப் பேர் வார்ப்பு எண்ணைப் பார்த்துவிட்டு 'ஒரிஜினல் பிளாக்' என்று எழுதுவது இந்த லட்சணத்தில்தான்.

தேதி இருக்கும் இடம் மோசம். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஹீட்டர் பெட்டிக்கும் நடுவில் கை நுழையும் சந்து. ஃபோனை உள்ளே விட்டு எடுத்த படத்தில் ஒரு எழுத்து, 12, பிறகு ஒற்றை இலக்கம். எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி. படத்தில் சியா ஜியா என்று தெரியவில்லை. கடைசி இலக்கம் ஒன்பதுபோல இருந்தது. ஆசிரியர் எட்டாக இருக்கலாம் என்றார். பெயின்ட் அடுக்கடுக்காக அப்பியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அம்பாசிடர் ஞாபகம் வந்தது. மெல்லிய தாள் இருக்கிறதா என்று கேட்டேன். ஆசிரியர் உள்ளே போய்ப் பரிசுப்பொருள் சுற்றும் டிஷ்யூத் தாளைக் கொண்டுவந்தார். பென்சிலைப் பாதியாக உடைத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துச் சந்துக்குள் விட்டேன். முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் மேட்டைத் தடவிக்கொண்டே தேய்த்தேன். வெளியே எடுத்து மூவரும் பானெட் வெளிச்சத்தில் பார்த்தோம்.

சி 12 9.

மார்ச் 12. கடைசி 9 என்பது 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். இந்தப் பிளாக்கில் வருஷத்துக்கு ஒற்றை இலக்கம்தான் போட்டார்கள், வார்ப்பு எண்ணோ பத்து வருஷம் மாறவில்லை. எதுவாக இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. மார்ச் 12இல் வார்த்த இரும்பைப் பிப்ரவரி 3இல் இன்ஜினாகக் கட்டியிருக்கிறார்கள்! கரு தரிப்பதற்கு ஐந்து வாரம் முன்பே பிள்ளை பிறந்து, பெயரும் வைத்து, ஜாதகமும் எழுதியாகிவிட்டது. பஞ்ச் அடித்தவன் வண்டியின் பாடித் தேதியைப் பார்த்துப் பொருத்தமாக ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பின்னால் போய் வார்ப்புத் தேதியைப் பார்க்கவில்லை, அல்லது வாங்குகிறவன் பார்க்கமாட்டான் என்று நினைத்திருக்கிறான்.

ஆசிரியர் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பென்சில் தடம்தானே, சரியாக விழாமல் இருந்திருக்கலாமே என்றார். அவர் சொன்னதில் கோபமில்லை. டாக்டரிடம் இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவரின் குரல்.

பெரியவருக்கு இதை அங்கே விட்டுவிட மனம் வரவில்லை. "ஆயில் ஃபில்டர் பக்கம் பார்த்தாயா?" என்றார் என்னிடம். 1969இல் வின் சுருக்கத்தை எல்லா இன்ஜினிலும் பேட்டில்தான் அடித்தார்கள் என்றில்லை. சிலவற்றில் டிரைவர் பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே உள்ள சொரசொரப்பான வார்ப்புப் பரப்பில் அடித்தார்கள். பேட் கதையை மட்டும் கேள்விப்பட்டவனுக்கு இது தெரியாது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் கொடுத்தோம். எழுபது தாண்டியவரைக் கீழே அனுப்ப முடியாது. நான் படுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எண்ணெயும் மண்ணும் சேர்ந்து பிசினாகி, அதன் அடியில் ஆரஞ்சு பெயின்ட். கிளீனரை அடித்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி, மறுபடி அடித்து, கால்மணி நேரம் ஆகியிருக்கும். கிளீனர் ஒரு சொட்டு கழுத்துக்குள் இறங்கி எரிந்தது. முதலில் 1 தெரிந்தது. அடுத்து 9. மூன்றாவது எழுத்து என்னாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். வந்தது எல்.

லாஸ் ஏஞ்சலஸ். அதற்குப் பின்னால் ஆறு இலக்கம், வேறு ஏதோ ஒரு வண்டியுடையது. ஆக அந்த 9 என்பது 1979 அல்ல, 1969தான். 1969 மார்ச்சில் வார்த்த பிளாக், வான் நைஸ் ஆலையில் ஏதோ ஒரு செவ்ரலேக்குள் இறங்கியிருக்கிறது. எப்போதோ அதிலிருந்து கழற்றி, முகம் வழித்து, நார்வுட் பேர் எழுதி இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை நீட்டினேன். ஆசிரியர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம் முன்னால் மேட்சிங் நம்பர்ஸ் என்றுதான் அவரும் வாங்கியிருக்கிறார். அதற்கான விலையைக் கொடுத்து.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது இதுதான்: வண்டி உண்மையான இசட் 28. எக்ஸ் 77 தகடு இருக்கிறது, கியர்பாக்ஸ் அதனுடையதே. அந்தக் காலத்தில் இந்த வண்டிகளை வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வாங்கவில்லை. ரேஸ் ஓட்டினார்கள், இன்ஜின் வெடித்தது, வேறொன்றைப் போட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரன்டி காலத்திலேயே போனால் செவ்ரலேயே மாற்றுப் பிளாக் கொடுத்தது, அவற்றில் சி.இ. என்று அடித்திருக்கும். அப்படி சி.இ. பிளாக்கோடு இருக்கும் வண்டியை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்குவேன். 'இன்ஜின் மாற்றியது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வண்டியும் மரியாதையோடு நின்றிருக்கும். ஒரு நல்ல வண்டிக்கு யாரோ தேவையே இல்லாமல் பொய்ச்சாட்சி சொல்லவைத்திருக்கிறார்கள். இப்போது அதன் நிஜமான தகட்டையும் வாங்குபவன் சந்தேகத்தோடுதான் பார்ப்பான்.

பழுதுபார்த்த இன்ஜினில் அழிந்த எண்ணைத் திரும்ப அடிப்பது புதுப்பிக்கும் வேலையின் ஒரு பகுதிதானே, பெயின்ட் அடிப்பதுபோல, என்று வாதாடுபவர்கள் இங்கே நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. பெயின்ட் தன்னைப் பழைய பெயின்ட் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆசிரியர் கடைசியில் கேட்டார், எவ்வளவு தருவாய் என்று. பெரியவர் வழியிலேயே சொல்லியிருந்தபடி, சொந்த இன்ஜின் இல்லாத இசட் 28க்கான விலையைச் சொன்னேன். அவர் வாங்கிய விலையைவிட அது குறைவு. நிறையக் குறைவு. கோபப்படுவார் என்று நினைத்தேன். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தோம். ஆல்டர்னேட்டரைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. "வாங்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றதும் அவள் முகத்தில் வந்தது வருத்தம் என்று சொல்ல முடியாது. சட்டையை மட்டும் தனியாக ஊறவைக்கச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. விலையைப் பற்றி இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். அந்த 19எல் எண்ணின் படத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அவரால் கீழே படுத்துப் பார்க்க முடியவில்லையாம். கலிஃபோர்னியாப் பக்கம் எங்கேயாவது அந்த எண்ணுடைய வண்டி இன்னும் இருக்கலாம், அதன் சொந்தக்காரர் இந்தப் பிளாக்கைத் தேடிக்கொண்டும் இருக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். படத்தையும் பென்சில் பிரிண்ட்டையும் சேர்த்து அனுப்பினேன். இதுவரை யாரும் கிடைக்கவில்லை. விளம்பரத்தை எடுத்துவிட்டார்; வண்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறாராம்.